கெஸ்ட் பிளேயர்

ஸ்கோர் நோட்டில் எபினேசர் என்று பேனாவால் எழுதி
பக்கத்தில் ஊரை மட்டும் பென்சிலால் போடுவேன்.
அழித்து அழித்து
அந்த இடத்தில் தாள் மெலிந்துவிட்டது.

சனிக்கிழமை ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு ஆடுவார்,
ஞாயிறு குடியாத்தம் தீப்பெட்டிக்காரர்களுக்கு.
ஒரு மே மாசம் முழுக்க சோளிங்கர்.
வாணியம்பாடியில் ஒருநாள்
காலையில் அவர் அணி தோற்றுப்போக
ஜெயித்தவர்களே மதியம் வந்து கூப்பிட்டார்கள்,
அவர்கள் செட்டருக்குக் கணுக்கால் பிசகிவிட்டதென்று.
கமிட்டி முணுமுணுத்தது.
நோட்டீசைப் புரட்டிப் பார்த்தோம், கூடாதென்று எங்கும் இல்லை.
சட்டையைக் கழற்றித் தந்துவிட்டு
அடிபட்டவன் சட்டையை ஈரத்தோடு மாட்டிக்கொண்டார்.
முதுகில் நதீம் என்று அச்சடித்திருந்தது.
கூட்டம் அன்றைக்கு அவரை நதீம் என்றது.
கூப்பிட்டபோதெல்லாம் திரும்பிப் பார்த்தார்.

வாலிபாலில் மூன்று தொடல்.
முதலாவதை எடுத்தவன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுவான்,
எல்லாரும் பார்ப்பார்கள்.
மூன்றாவதை அடித்தவனுக்கு
மைக்கில் நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்:
காண்டீபன் அடித்த அந்த அடிக்கு
வெல்ல மண்டி முதலாளி அன்பளிப்பு
ஐநூற்றி ஒன்று!
நடுத்தொடல் எபினேசருடையது.
பந்து அவர் விரலில் தங்காது.
தங்கினால் ஃபவுல்.

இடது சுண்டுவிரல் ஆற்காட்டில் விலகி
ராணிப்பேட்டையில் மறுபடி விலகி
வேறு திசை பார்த்து நின்றுவிட்டது.
சி.எம்.சி.யில் எலும்பு டாக்டர்
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு
என்ன வேலை பார்க்கறீங்க என்றாராம்.
எட்து குட்க்கறதுங்க.
சீட்டில் ஓட்டல் சர்வர் என்று எழுதியிருந்தது.
எனக்குக் காட்டினார், சிரிக்காமல்.

பள்ளிகொண்டா ஃபைனலைச் சொல்ல வேண்டும்.
ராத்திரி ரெண்டே கால். விளக்கைச் சுற்றிப் பூச்சி.
பெங்களூர் ரோட்டில் லாரிகள் கியர் மாற்றும் சத்தம்.
எதிரே நின்ற ஆறு பேரில் ஐந்து பேர்
ஏதோ ஒரு வருஷம் அவர் எடுத்துக்கொடுத்து அடித்தவர்கள்.
காட்பாடி என்று கத்தினால் பந்து பின்பக்கம் போகும்,
ஆரணி என்றால் நடுவில் குட்டையாக.
அவர் உண்டாக்கிய பாஷை.
போன இடத்திலெல்லாம் விட்டுவிட்டு வந்ததில்
ஜில்லாவே பேசுகிறது.
அன்றைக்கு அவர் வாயைத் திறக்குமுன்
வலைக்கு மேல் நாலு கை.

இருபத்தொன்று, இருபத்திரண்டு.
பந்து எழும்பி வந்தது. எபினேசர்
பாகாயம்! என்று கத்தினார்.

பாகாயமா?
அந்தப் பேரில் ஒரு செட்டும் யாருக்கும் தெரியாது.
அவர் ஆட்களே ஓடுவதா நிற்பதா என்று பார்த்தார்கள்.
அந்தக் கோணல் விரலால்
வலைக்கு அந்தண்டை மெல்லத் தள்ளிவிட்டார்.
பதினொரு பேருக்கு நடுவே பந்து விழுந்து
உருளக்கூட இல்லை.

அப்புறம் மூன்று பாயிண்ட் விட்டுத் தோற்றார்கள்.
ஜெயித்திருந்தால் ஆயிரத்து ஐநூறு, தோற்றால் எண்ணூறு.
எண்ணி வாங்கி, சட்டையை மடித்துக் கொடுத்துவிட்டு
பனியனோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்.
பாகாயம்னா இன்னா செட்டு என்று கேட்டேன்.
எங்க வூடு அங்கதான் என்றார்.
பதினேழு வருஷமாக அவர் பேர் எழுதுகிறேன்.
வேலூர் டவுன் பஸ் ஏறினால்
கடைசி ஸ்டாப்.

மூன்றாம் வாரம் ஆரணியில் மேட்ச்.
மீசை முளைக்காத ஒரு செட்டர்
பாகாயம்! என்று கத்திப் பந்தைத் தள்ளினான்.
வலைக்கு இந்தப் பக்கம்,
யார் சட்டையிலோ,
எபினேசர் முன்னாடியே குனிந்திருந்தார்.